என்பிஏ செத்துப்போச்சா, காலேஜ் பேஸ்கட்பால் கெட்டுப்போச்சா? ஒரு கரோலினா ரசிகருக்கு பதில்

கேள்வி: வணக்கம் கோச் சார். நாங்க நார்த் கரோலினால ராலே பக்கம் இருக்கோம். இங்க வந்த புதுசுல ஆபீஸ்ல யாரப் பாத்தாலும் இந்தப் பக்கத்து காலேஜ்களான யூஎன்சி, டியூக் மேட்ச் பத்தியே பேசுவாங்க, அப்படியே எனக்கும் ஒட்டிக்கிச்சு, இப்ப நான் முழு யூஎன்சி ஆளு. ஆனா கொஞ்ச வருஷமா மனசு விட்டுப்போச்சு. புரொஃபஷனல் லீக்கான என்பிஏ போட்டா எல்லாரும் மூணு பாயிண்ட்டுக்கு எறிஞ்சிட்டே இருக்காங்க, டிஃபென்ஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. காசு குடுத்து டிக்கெட் வாங்கிட்டுப் போனா ஸ்டார் பிளேயர் ரெஸ்ட்னு கோட் போட்டுட்டு பெஞ்ச்ல உக்காந்திருக்காரு. காலேஜாவது சுத்தமா இருந்துச்சு, இப்ப பணமும், காலேஜ் மாற பேர் குடுக்கற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் வந்து அதையும் கெடுத்துட்டாங்க, ஒவ்வொரு நவம்பரும் நம்ம டீம்ல பாதி பேரு யாருன்னே தெரியல. பையன் ஒன்பதாவது படிக்கிறான், ஸ்கூல் டீம்ல ஆடுறான். "அப்பா, உங்களுக்கு வயசாயிடுச்சு"ங்கிறான். அவன் பிராக்டீஸ்னு போனா மூணு பாயிண்ட் கோட்டுக்கு ரெண்டு மூணு அடி வெளிய நின்னு எறிஞ்சிட்டே இருக்கான். நான் சொல்றது சரியா, அவன் சொல்றது சரியா? காலேஜ் ஸ்காலர்ஷிப்ப நம்பி அவன இதுல இறக்கலாமா?

பதில்: சார், முதல்ல என்பிஏ விஷயம். அதுல உங்களோட எனக்கு சண்டை இருக்கு, காலேஜ் விஷயத்துல பாதி சண்டைதான்.

உங்க கண்ணு பொய் சொல்லல. மூணு பாயிண்ட் கோடு என்பிஏக்கு வந்தது 1979-80 சீசன்ல, அந்த வருஷம் ஒரு டீம் ஒரு மேட்ச்சுக்கு சராசரியா 3 தடவ கூட அங்கேர்ந்து போட்டுப் பாக்கல. 2024-25ல அது 37ஐ தாண்டிடுச்சு, பாஸ்டன் செல்டிக்ஸ் மட்டும் மேட்ச்சுக்கு 48. இது ஃபேஷன் கிடையாது சார், கூட்டல் கணக்கு. லீக்ல மூணு பாயிண்ட் சுமார் 36 சதவீதம் விழுது, அப்ப நூறு ஷாட்டுக்கு 108 பாயிண்ட். கோட்டுக்கு ஒரு அடி உள்ள வந்து போடுற ரெண்டு பாயிண்ட் ஷாட் நல்ல ஆள் போட்டாலே சுமார் 40 சதவீதம்தான், நூறுக்கு 80 பாயிண்ட். அந்த 28 பாயிண்ட் வித்தியாசத்த தெரிஞ்சும் விட்டுட்டு ஒரு கோச் வேலைய காப்பாத்திக்க முடியாது. அதனால ரிங்குக்கு அடியில ஒரு ஷாட், இல்லன்னா கோட்டுக்கு வெளிய ஒரு ஷாட், நடுவுல இருக்கறது தேவைப்பட்டா மட்டும்னு ஆட்டம் மாறிப்போச்சு.

இதுல அசிங்கமான ராத்திரிகளும் இருந்திருக்கு, மறுக்கல. 2018 என்பிஏ வெஸ்ட் ஃபைனல்ஸ் (இறுதிக்கு முந்தின சுற்று) ஏழாவது மேட்ச்ல ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தொடர்ந்து 27 மூணு பாயிண்ட் மிஸ் பண்ணாங்க, ஒண்ணு விழுந்திருந்தா, ரெண்டு விழுந்திருந்தான்னு அந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் பேசுறாங்க. அந்த மாதிரி மேட்ச் பாத்துட்டு டிவிய ஆஃப் பண்ற ஆள் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல.

ஆனா எல்லா மூணு பாயிண்ட் ஷாட்டும் ஒண்ணு இல்ல. ஷாட் கிளாக்ல (ஒரு டீம் ஷாட் போட 24 செகண்ட்தான்) 18 செகண்ட் பாக்கி இருக்கும்போது யாருக்கும் பாஸ் குடுக்காம நேரா வந்து 28 அடிலருந்து எறியறது ஒண்ணு. இன்னொண்ணு எப்படின்னா, ஒருத்தன் பிக், அதாவது ஸ்கிரீன் (டிஃபெண்டர மறிச்சு கூட்டாளி குறுக்க நிக்கறது) வாங்கிட்டு உள்ள நுழையுறான், ரிங்குக்கு பக்கத்துல நிக்கிற பெரிய ஆள் அவன தடுக்க ஒரு அடி முன்ன வர்றான், அந்த ஒரு அடிக்காக கார்னர்ல இருக்கற டிஃபெண்டர் உள்ள சரியறான், பந்து கார்னருக்கு போகுது, அங்க ஆளே இல்ல, ஷாட். அது 22 அடிதான், என்பிஏ கோர்ட்லயே மூணு பாயிண்ட்டுக்கு கிட்டத்துல இருக்கற இடம். டிவில ரெண்டும் "இன்னொரு மூணு"ன்னு ஒரே மாதிரி தெரியும். என்னைய மாதிரி வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாக்கறவங்களுக்கு முதல் ஷாட் போட்டவன பெஞ்ச்ல உக்கார வைக்கணும்னு தோணும், ரெண்டாவது ஷாட்டுக்கு உள்ள நுழைஞ்சவன கட்டிப்பிடிக்கணும்னு தோணும், ஷாட் விழுந்தாலும் சரி விழலன்னாலும் சரி.

டிஃபென்ஸ் இல்லைங்கிறீங்க, இத மட்டும் நான் விடமாட்டேன். 2001 வரைக்கும் என்பிஏல ஜோன் டிஃபென்ஸே (ஆளுக்கு ஆள் இல்லாம இடத்த காக்கறது) சட்டவிரோதம். ஒரு ஸ்டாருக்கு பந்த குடுத்துட்டு மீதி நாலு பேரையும் அந்தப் பக்கம் அனுப்பிட்டா அவங்க டிஃபெண்டர்களும் கூடவே போகணும், சும்மா வந்து ஹெல்ப் பண்ண முடியாது. நமக்கு பிடிச்ச பழைய ஒண்டிக்கு ஒண்டி ஆட்டம் நிறைய அந்த ரூல் குடுத்த இடத்துலதான் நடந்துச்சு. இன்னிக்கு ஒரு டிஃபெண்டர் ஒரே பொசிஷன்ல ரிங்குக்கு அடியில வந்து ஹெல்ப் பண்ணணும், அங்கேர்ந்து கார்னருக்கு ஓடி ஷாட் போடறவன நெருங்கி மறிக்கணும், அவன் டிரிபிள் பண்ணா மறுபடி இடுப்ப தாழ்த்தி பின்னால போகணும், இதெல்லாம் 24 செகண்டுக்குள்ள. கபடில ரெய்டர மட்டும் பாத்துட்டு கார்னர்ல செயின் போட்டு நிக்கிறவங்கள பாக்காம வந்தா டிஃபென்ஸே நடக்கலன்னுதான் சொல்லுவோம், நீங்க பேஸ்கட்பால அப்படித்தான் பாத்துட்டு இருக்கீங்கன்னு நினைக்கிறேன்.

2025 சாம்பியன் ஓக்லஹோமா சிட்டி தண்டர எடுத்துக்கோங்க. 68 ஜெயிச்சு 14 தோத்தாங்க, சராசரியா ஒரு மேட்ச்சுக்கு கிட்டத்தட்ட 13 பாயிண்ட் வித்தியாசம், என்பிஏ வரலாற்றுலயே அதுதான் பெருசு. ஷே கில்ஜஸ் அலெக்ஸாண்டர் எம்விபி (அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர்), சரி, ஆனா அந்த டீம தூக்கி நிறுத்தினது டிஃபென்ஸ். லூ டார்ட், அலெக்ஸ் கரூசோ ரெண்டு பேரையும் டிராஃப்ட்ல (புது ஆளுங்கள டீம்கள் வரிசையா எடுக்கறது) ஒரு டீமும் எடுக்கல, அவங்க அடுத்தவன் கையிலேர்ந்து பந்த பிடுங்கறதுலயே பேரு வாங்கினாங்க. அந்த ஃபைனல்ஸ் முதல் மேட்ச்ல இந்தியானா பேசர்ஸ் முதல் பாதில மட்டும் 19 தடவ பந்த தொலைச்சாங்க. அப்படி இருந்தும் 0.3 செகண்ட் மிச்சம் இருக்கும்போது டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட ஷாட்ல 111-110ன்னு ஜெயிச்சாங்க, மேட்ச் முழுக்க அவங்க லீட்ல இருந்ததே அந்த 0.3 செகண்ட்தான். ஏழு மேட்ச் போச்சு அந்த சீரிஸ். அத முழுசா பாத்துட்டு ஒருத்தர் டிஃபென்ஸ் இல்லன்னு சொன்னா நான் உக்காந்து வீடியோ போட்டுக் காட்டத் தயார்.

இன்னொண்ணும் சொல்லணும். 2019லேர்ந்து 2025 வரைக்கும் ஏழு வருஷத்துல ஏழு வேற வேற சாம்பியன். டொரண்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, வாரியர்ஸ், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா. 2014 டிராஃப்ட்ல 41வது ஆளா எடுத்த நிகோலா யோகிச் டென்வர்ல சென்டரா நின்னுகிட்டே பாஸ் குடுத்து மூணு எம்விபி வாங்கிட்டாரு. எல்லாரும் ஒரே மாதிரி ஆடுறாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி அவர் ஆடுற ஒரு மேட்ச், அதுல ஒரு குவார்ட்டர் மட்டும், பந்த விட்டுட்டு பந்து இல்லாத நாலு பேர பாருங்க. யாரு கட் பண்றான், யாரு ஸ்கிரீன் வைக்கிறான், எவன் டிஃபெண்டர இழுத்துட்டுப் போறான்னு. இதான் நான் எங்க பசங்களுக்கு குடுக்கற ஹோம்வொர்க், உங்களுக்கும் அதான்.

ஸ்டார் உக்காந்துக்கறாரு விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். டிக்கெட்டுக்கு குடும்பத்தோட செலவு பண்ணிட்டு வர்றவங்க ஏமாறக்கூடாது. லீக் 2023-24லேர்ந்து 65 மேட்ச் ஆடலன்னா எம்விபி மாதிரி பெரிய விருது கிடையாதுன்னு ரூல் போட்டாங்க, கொஞ்சம் மாறுச்சு, முழுசா மாறல. ஆனா பிளேயர சோம்பேறின்னு திட்டாதீங்க. 2025 பிளேஆஃப்ஸ்ல மட்டும் டேமியன் லில்லார்ட், ஜேசன் டேட்டம், கடைசில ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச்ல அதே ஹாலிபர்ட்டன், மூணு பேருக்கு குதிகாலுக்கு மேல இருக்கற அக்கிலீஸ் தசைநார் கிழிஞ்சுது. ஹாலிபர்ட்டன் கெண்டைக்கால் வலியோடதான் இறங்கினாரு. ஆறு மாசத்துக்குள்ள 82 மேட்ச்ங்கிறது இன்னிக்கு ஓடுற வேகத்துக்கு அதிகம், பத்து மேட்ச் குறைக்கலாம்னு வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெர் வெளிப்படையாவே பேசியிருக்காரு, நானும் அந்தக் கட்சி. நடக்குமான்னா கஷ்டம், 11 வருஷத்துக்கு சுமார் 76 பில்லியன் டாலர்னு டிவி ஒப்பந்தம் போட்டவங்க மேட்ச்ச குறைக்க மனசு வைக்கறது லேசு இல்ல. அதுவரைக்கும் நீங்க சார்லட்டுக்கு மேட்ச் பாக்கப் போறதா இருந்தா வர்ற டீம் முந்தின நாள் வேற ஊர்ல ஆடிட்டு வருதான்னு ஷெட்யூல்ல பாத்துட்டு வாங்குங்க. ரெண்டு நாள் தொடர்ந்து ஆடுற இடத்துலதான் பெரும்பாலும் ஸ்டார் உக்காருவாரு.

இப்ப காலேஜ். நீங்க சுத்தமா இருந்துச்சுன்னு சொல்ற அந்தக் காலத்த கொஞ்சம் கிட்ட போய்ப் பாப்போம். மார்ச் மேட்னஸ்ங்கிற காலேஜ் டோர்னமெண்ட்டோட டிவி உரிமை 2025லேர்ந்து 2032 வரைக்கும் 8.8 பில்லியன் டாலர், வருஷத்துக்கு ஒரு பில்லியனுக்கு மேல. கோச்சுங்க மில்லியன்ல சம்பளம் வாங்குனாங்க, அரங்கம் கட்டுனாங்க, ஷூ கம்பெனி காசு குடுத்துச்சு. வேர்வை சிந்துன பையன் மட்டும் தன் பேர் போட்ட ஜெர்சி வித்தாலும் ஒரு டாலர் தொடக்கூடாது. 2021 ஜூன்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஆல்ஸ்டன் வழக்குல ஒன்பது நீதிபதியும் ஒண்ணா, காலேஜ் விளையாட்ட நடத்துற என்சிஏஏக்கு எதிரா தீர்ப்பு குடுத்தாங்க, அடுத்த மாசமே என்ஐஎல் வந்துச்சு, அதாவது பையன் தன் பேரையும் முகத்தையும் வச்சு சம்பாதிச்சுக்கலாம். 2025 ஜூன்ல ஹவுஸ் செட்டில்மெண்ட்னு இன்னொரு வழக்குல சமரசம், இப்ப காலேஜே நேரடியா முதல் வருஷத்துக்கு 20.5 மில்லியன் டாலர் வரைக்கும் எல்லா விளையாட்டுக்காரங்களுக்கும் பிரிச்சுக் குடுக்கலாம். எனக்கு இதுல துளி வருத்தம் கிடையாது. இது ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே குடுத்திருக்க வேண்டிய கூலி.

டிரான்ஸ்ஃபரும் அதே கதைதான். 2021க்கு முன்னாடி ஒரு பையன் காலேஜ் மாறுனா பொதுவா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும், கோச்சுக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. 2023 மார்ச்ச எடுத்துக்கோங்க. ரிக் பிட்டினோ அயோனாங்கிற சின்ன காலேஜ விட்டுட்டு செயின்ட் ஜான்ஸுக்கு போனாரு, யாரும் அவர துரோகின்னு சொல்லல, அவரோட கெரியர்னு சொன்னாங்க. அவர் டீம்ல இருந்த வால்டர் கிளேட்டன் ஜூனியரும் கிளம்பி தன் சொந்த மாநிலத்து ஃபுளோரிடா காலேஜுக்கு வந்தான். ரெண்டு வருஷம் அங்க ஆடினான், 2025 செமிஃபைனல்ல ஆபர்னுக்கு எதிரா 34 பாயிண்ட், ஏப்ரல் 7ஆம் தேதி சான் அன்டோனியோல ஹூஸ்டன 65-63ன்னு ஜெயிச்சு கப்ப தூக்கினாங்க. ஃபைனல்ல முதல் பாதில அவனுக்கு ஒரு பாயிண்ட் கூட இல்ல, ரெண்டாவது பாதில 12 பாயிண்ட் பின்தங்கி இருந்து மேல வந்தாங்க, கடைசி செகண்டுல ஹூஸ்டன் பையன் ஷாட் போட எகிறும்போது ஓடி வந்து குறுக்க பாஞ்சு போடவே விடாம பண்ணதும் இதே கிளேட்டன்தான். கூட ஆடின அலிஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்லேர்ந்து வந்தவன், வில் ரிச்சர்ட் பெல்மாண்ட்லேர்ந்து. மூணு பேரும் சின்ன காலேஜ்ல கத்துக்கிட்டு வந்தவங்க. அவங்க ஆடினது டீம் ஆட்டம் இல்லன்னு என்னால சொல்ல முடியாது.

உங்க வீட்டுக்கே வர்றேன் சார். 2022 நினைவிருக்குமே. செமிஃபைனல்ல டியூக்க 81-77ன்னு அடிச்சு அவங்க கோச் மைக் ஷஷெஃப்ஸ்கியோட கெரியர முடிச்சு வச்சீங்க, தெருவெல்லாம் நீலமா இருந்திருக்கும். அந்த டீம்ல பிரேடி மேனெக் ஒக்லஹோமா காலேஜ்ல நாலு வருஷம் ஆடிட்டு வந்த டிரான்ஸ்ஃபர். அன்னிக்கு அவர யாரும் வெளியாள்னு சொல்லல, நீங்களும் சொல்லியிருக்க மாட்டீங்க. அதே டீம்ல இருந்த அர்மாண்டோ பேக்காட்டும் ஆர்ஜே டேவிஸும் ஆளுக்கு அஞ்சு சீசன் யூஎன்சிலயே இருந்தாங்க. கோவிட்னால ஒரு வருஷம் கூடுதலா கிடைச்சது உதவுச்சு, காலேஜ்ல இருந்துகிட்டே சம்பாதிக்க முடிஞ்சதும் உதவுச்சு. 2021ல டிராஃப்ட்டுக்கு முன்கூட்டியே பேர் குடுத்தவங்க 350க்கு மேல, 2025ல அது 110க்கும் கீழ வந்துடுச்சு. டிராஃப்ட்ல எடுப்பாங்களோ மாட்டாங்களோன்னு தெரியாம அவசரப்பட்டு ஓடுன பசங்க இப்ப நின்னு படிக்கிறாங்க, ஆடுறாங்க. பணம் பசங்கள துரத்துதுன்னு மட்டும் சொல்லாதீங்க, பிடிச்சும் வைக்குது.

அப்ப உங்க வலி பொய்யான்னா, இல்ல. எங்க வலிக்கணும்னா, ஒப்பந்தம் இல்லாத இடத்துல. 2024லேர்ந்து படிப்பு மார்க் சரியா இருந்தா எத்தன தடவ வேணும்னாலும் மாறலாம், உடனே ஆடலாம். என்பிஏல கூட ஒருத்தன் நாலு வருஷம் கையெழுத்து போட்டா நாலு வருஷம் இருக்கணும், இல்ல டீம்தான் டிரேட் பண்ணணும். காலேஜ்ல ஒவ்வொரு ஏப்ரலும் எல்லாரும் ஃப்ரீ ஏஜெண்ட், யாரோட வேணும்னாலும் சேரலாம். வர்ஜீனியா கோச் டோனி பென்னட் 2018ல முதல் சீடா (சீட்ங்கிறது டோர்னமெண்ட்ல டீமுக்கு குடுக்கற தரவரிசை, ஒண்ணுதான் பலமானது) இருந்து 16வது சீட் யூஎம்பிசிங்கிற சின்ன காலேஜ்கிட்ட தோத்தாரு, ஆண்கள் டோர்னமெண்ட்ல அப்படி தோத்த முதல் டீம் அதுதான், அதே பசங்க பல பேர வச்சே 2019ல கப் ஜெயிச்சாரு. அவமானப்பட்ட பசங்க கூடவே இருந்து ஒரு வருஷம் கழிச்சு ஜெயிக்கற அந்தக் கதை இன்னிக்கு நடக்கறது கஷ்டம். பென்னட் 2024 அக்டோபர்ல, சீசன் ஆரம்பிக்க கொஞ்ச நாள்தான் இருக்கும்போது, இந்த சூழ்நிலை எனக்கு ஒத்துவரலன்னு விலகிட்டாரு.

சின்ன காலேஜுக்கு இது இன்னும் கொடுமை. 2022ல 15வது சீட் செயின்ட் பீட்டர்ஸ் எலீட் எயிட் (கடைசி எட்டு டீம்) வரைக்கும் வந்துச்சு, நாடே கொண்டாடிச்சு, சீசன் முடிஞ்ச உடனே கோச் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹாலுக்கு போயிட்டாரு, பசங்களும் பெரிய காலேஜ்களுக்கு கலைஞ்சு போயிட்டாங்க. 2025ல ஸ்வீட் சிக்ஸ்டீன்ல நின்ன 16 டீமும் நாலே நாலு பெரிய கான்ஃபரன்ஸ்லேர்ந்து (காலேஜ்கள் சேர்ந்து ஆடுற லீக்), எஸ்இசிங்கிற ஒண்ணுலேர்ந்து மட்டும் ஏழு. மார்ச்ல பேரு தெரியாத ஊர் டீம் ஒண்ணு வந்து பெரிய மரத்த சாய்க்கும்ங்கிறதுக்காகத்தான் பாதி பேர் இந்த டோர்னமெண்ட்டே பாக்கறாங்க. அத இழந்தா நிஜமாவே பெரிய நஷ்டம். இதுக்கு வழி பையன் சம்பளத்த பிடுங்கறது இல்ல, அவனோட ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ முறையா காண்ட்ராக்ட் போடறது, அவன் போனா வளர்த்துவிட்ட சின்ன காலேஜுக்கு ஒரு தொகை போய்ச் சேரறது. ஐரோப்பிய ஃபுட்பால்ல இது ரொம்ப நாளா இருக்கு. கோவப்படணும்னா இத செய்யாத என்சிஏஏ ஆஃபீஸ் மேல படுங்க, இருபது வயசுப் பையன் மேல வேண்டாம்.

இங்க ஒண்ணு விட்டுப்போகக்கூடாது. பெண்கள் காலேஜ் பேஸ்கட்பால் பாக்கறீங்களா? உங்க லெட்டர்ல ஒரு வரி இல்ல. 2024ல சவுத் கரோலினாவும் அயோவாவும் ஆடின பெண்கள் ஃபைனல 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல பேர் பாத்தாங்க, அந்த வருஷம் ஆண்கள் ஃபைனல விட அதிகம், அப்படி நடந்தது அதுதான் முதல் தடவ. கெய்ட்லின் கிளார்க் நாலு வருஷமும் அயோவாலயேதான் இருந்தாங்க, 3,951 பாயிண்ட், ஆண் பெண் ரெண்டுலயும் டிவிஷன் ஒன் (காலேஜ் ஆட்டத்தோட மேல் மட்டம்) ரெக்கார்டு. அங்கயும் போர்ட்டல் உண்டு, ஆனா சவுத் கரோலினால கோச் டான் ஸ்டேலி கட்டுற டீம்கள பாத்தா நீங்க தேடுற பாஸிங், பெஞ்ச் ஆழம், பொறுமை எல்லாம் கிடைக்கும். பக்கத்து மாநிலம்தான், காரெடுத்தா அன்னிக்கே போயிட்டு திரும்பிடலாம்.

கடைசியா உங்க பையன். யாரு சரிங்கிற சண்டைய விடுங்க, அவன் தூரம் எனக்கு கவலையா இருக்கு. ஹைஸ்கூல் கோடு 19 அடி 9 அங்குலம், காலேஜ் கோடு 22 அடி 2 அங்குலத்துக்கு கொஞ்சம் குறைவு, என்பிஏல மேல் பக்கம் 23 அடி 9 அங்குலம். ஒன்பதாவது படிக்கிற கைக்கு பலம் பத்தாம அந்த தூரத்துலேர்ந்து எறிஞ்சா முழங்கை வெளிய போகும், பந்த தோள்லேர்ந்து தள்ளுவான், அந்தப் பழக்கம் ஒட்டிக்கிட்டா அப்புறம் எடுக்கறது பெரும் பாடு. ரிங்குக்கு அஞ்சு அடிலேர்ந்து ஒரு கையால ஃபார்ம் ஷூட்டிங், அங்க சுத்தமா விழுந்தா ஒரு அடி பின்னால, ஃபார்ம் உடைஞ்சா மறுபடி முன்னால. அதோட இடது கைல லேஅப். ரெண்டு காலையும் ஊனி நிக்கறது, பாஸ் ஃபேக் (பாஸ் குடுக்கற மாதிரி ஏமாத்தறது). கோச்சுங்க ஒன்பதாவது பையன்கிட்ட தேடறது இதெல்லாம்தான்.

ஸ்காலர்ஷிப்ப நம்பி குடும்பக் கணக்கு போடாதீங்க, இத உறுதியா சொல்றேன். ஹவுஸ் செட்டில்மெண்ட்டுக்கு அப்புறம் அதுல சேர்ந்த காலேஜ்ல ஒரு டீமுக்கு 15 பேர்தான். அந்த 15 இடத்துக்கு பதினெட்டு வயசுப் பையன விட போர்ட்டல்ல வர்ற இருபத்திரெண்டு வயசு ஆள எடுக்கத்தான் நிறைய கோச்சுக்கு இஷ்டம், ஏன்னா அவன் ஏற்கனவே ஆடிக் காட்டிட்டான். ஹைஸ்கூல் முடிக்கிற பசங்களுக்கு கதவு முன்ன விட குறுகிப்போச்சு, போர்ட்டலால நிஜமா அடிபடறது உங்க பையன் வயசுக்காரங்கதான், இதப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்ல. டிவிஷன் த்ரீல விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஆனா நல்ல படிப்பு, நல்ல பேஸ்கட்பால், படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏத்த உதவித்தொகை உண்டு, மார்க் நல்லா இருந்தா அது விளையாட்டு ஸ்காலர்ஷிப்ப விட நம்பகமான வழி. பத்தாவது முடியற வரைக்கும் காசு கட்டி போற டிராவல் டீம் ஒண்ணு போதும், வருஷம் பூரா ஊர் ஊரா அலையவிடாதீங்க, அந்த வயசு முட்டிக்கு ஓய்வு வேணும். அவன் கோச்கிட்ட நேரா போய் "இவன் நிமிஷம் கூடுதலா ஆடணும்னா எத முதல்ல சரி பண்ணணும்"னு கேளுங்க, பையனையும் பக்கத்துல வச்சுகிட்டே கேளுங்க. பதில் இடது கைன்னு வந்தா இந்த வாரமே ஆரம்பிக்கச் சொல்லுங்க.